கடலில் நீந்தியவரும் கரையில் நின்றவரும்

யாழ்ப்பாணத்தின் வடகரையில், பாக் நீரிணையைப் பார்த்து அமைந்த ஊர் வல்வெட்டித்துறை. மரக்கலம் கட்டுவதிலும் கடலோடுவதிலும் தலைமுறை தலைமுறையாகப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளின் கைத்திறனால் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. அவ்வூரில் 1943 மே 25 அன்று பிறந்தவர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். தொழிலால் வழக்கறிஞர், மக்கள் அவருக்கு இட்ட பெயர் ஆழிக்குமரன். 1971-ஆம் ஆண்டில் அவர் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். கடந்தபின் அக்கரையில் தங்கிவிடாமல் மீண்டும் நீந்தியே திரும்பினார். போகவும் வரவுமாக 51 மணி நேரம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1984 ஆகஸ்டு 6 அன்று, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது அந்நீரிலேயே அவருடைய வாழ்வு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 41.

அவருடைய ஊரார் அவரை மறக்கவில்லை. அவர் பெயரால் அங்கே ஒரு நீச்சல் தடாகம் அமைந்திருக்கிறது. ஒரு கடற்கரையூர் தன் மகனை நினைவுகூர்வதில் வியப்பேதும் இல்லை. அவர் மறைந்த காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1983 ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த கொடுமைகளுக்குப் பின் ஓராண்டே கழிந்திருந்தது. பிறர் கையால் வந்த சாவுகளை எண்ணி எண்ணி ஓய்ந்துபோன ஒரு மண்ணுக்கு, எவரையும் பகைக்காமல் எவராலும் பகைக்கப்படாமல், தானே தேர்ந்த ஒரு பெருமுயற்சியில் ஒருவர் மாண்டார் என்பது தனியொரு துயரமாகவும் தனியொரு பெருமையாகவும் இருந்திருக்கும்.

ஆயினும் கிறிஸ்தவ மனச்சான்று இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்பாமல் கடந்து செல்ல இயலாது. உயிர் இறைவன் அளித்த கொடை. நாம் அதன் பொறுப்பாளர்களேயன்றி உடைமையாளர்கள் அல்லோம். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதனைத் தெளிவாகவே கூறுகிறது. உடலைப் பேண வேண்டும் என்று கற்பிக்கும் அதே நூல், உடலையே தெய்வமாக்கி விளையாட்டு வெற்றிக்கு எல்லாவற்றையும் பலியிடும் மனப்பான்மையைக் கண்டிக்கவும் செய்கிறது. அவ்வாறாயின், எவருக்கும் சோறிடாத, எவரையும் காப்பாற்றாத ஒரு செயலுக்காக ஒருவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாமா? வைத்து இழந்தவரை நாம் போற்றலாமா? போற்றும்போது எதனைப் போற்றுகிறோம்?

கடலைக் காண ஒரு நாள் பயணம் செய்ய வேண்டிய ஏரிக்கரை மக்களாகிய நமக்கு இவ்வினா எதற்கு என்று கேட்கலாம். பெருநகரிலும் உத்திரமேரூரிலும் வாழும் நமக்கு நீர் என்றால் ஏரி, கிணறு, மழைக்காலத்துச் செய்யாறு, அவ்வளவே. ஆனால் நீர் எங்கும் ஒன்றுதான். அதில் இறங்குகிறவரின் துணிவும் கரையில் நிற்கிறவரின் பொறுப்பும் எங்கும் ஒன்றுதான். இதனைப் பின்னர்க் காண்போம்.

பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர்களில் ஆனந்தன் முதல்வர் அல்லர். வல்வெட்டித்துறைக்கு அண்மையிலுள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-இல் 27 மணி நேரம் நீந்திக் கோடியக்கரை சேர்ந்தார். அந்நீரிணையை முதன்முதல் நீந்தியவராக அறியப்படுபவர் அவரே. வங்காளத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் மிகிர் சென் 1966 ஏப்ரலில் அதனைக் கடந்தார். அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் ஆகியவற்றையும் நீந்தி முடித்தார். 1994-இல் நம் தமிழ்நாட்டுச் சிறுவர் குற்றாலீசுவரன் தமது 12-ஆம் வயதில் பாக் நீரிணையை நீந்தினார். அவ்வாண்டிலேயே ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து சென் நிறுவிய ஐந்தென்னும் எல்லையைத் தாண்டினார். அந்நாளில் செய்தித்தாள்கள் நிறைய அவருடைய படங்கள் வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அந்நீரிணை வெறும் தண்ணீர்ப் பரப்பு அன்று. நீரோட்டங்கள் உண்டு, சொறிமீன்களும் கடற்பாம்புகளும் உண்டு. அதற்குப் பெயர் கொடுத்த ராபர்ட் பாக் சமயப் பணியாளராகச் சென்னைக்கு வந்து, பின்னர் 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராகவே ஆனவர். மறையுரை ஆற்ற வந்தவரின் பெயர் ஒரு கடலுக்கு வாய்த்தது காலத்தின் விளையாட்டு. 1974-லும் 1976-லும் செய்யப்பட்ட உடன்படிக்கைகளுக்குப் பின் அந்நீரின் நடுவே ஒரு கண்காணாக் கோடு ஓடுகிறது. அக்கோட்டைத் தாண்டியதற்காக மீனவர்கள் சிறைப்படுகிறார்கள். கச்சத்தீவின் அந்தோணியார் திருவிழாவில் மட்டும் இரு கரையினரும் ஒரே பீடத்தின் முன் நிற்கிறார்கள். இந்தக் கோடு வரையப்படுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் ஆனந்தன் அக்கரைக்கு நீந்தி இக்கரைக்குத் திரும்பினார்.

இனி வினாவுக்கு வருவோம். உயிரிழப்பைப் பற்றிப் பேசும்போது நம் மறையுரைகளில் பெரும்பாலும் இரண்டு அறைகளே உண்டு. ஒன்றில் மறைச்சாட்சியர் இருக்கிறார்கள். 1544-இல் மன்னாரில் விசுவாசத்திற்காக வெட்டுண்ட எளிய மக்களும், 1941-இல் அவுஷ்விட்சில் மற்றொருவருக்குப் பதிலாகத் தம்மைக் கையளித்த மாக்சிமிலியன் கோல்பேயும் அங்கே இருக்கிறார்கள். மற்றதில் தம் உயிரைத் தாமே வீணாக்கியவர்களை வைக்கிறோம். அவர்களுக்காக இரங்கிச் செபிக்கிறோம். கால்வாயில் மாண்ட நீச்சல் வீரரை எந்த அறையில் வைப்பது? அவர் எவருக்காகவும் சாகவில்லை. சாக விரும்பவும் இல்லை. பிழைப்புக்காகக் கடலில் இறங்கி மாளும் மீனவரோடும் அவரைச் சேர்க்க முடியாது. ஏனெனில் அவருக்கு வேறு பிழைப்பு இருந்தது. நம் இரண்டு அறைகளும் அவருக்குப் பொருந்தவில்லை. குறை அவரிடம் இல்லை. அறைகளில் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

பயனற்ற செயல் என்பது முதற் குற்றச்சாட்டு. உண்மைதான், படகு சில மணி நேரத்தில் செல்லும் தொலைவை ஒரு மனிதர் ஒரு பகலும் ஓர் இரவும் கைகால்களால் கடப்பதால் உலகுக்கு ஒரு படி அரிசியும் கூடுவதில்லை. ஆனால் பயனொன்றே அளவுகோலாயின் விடியுமுன் வாசலில் இட்டு, மாலைக்குள் அழிந்துபோகும் கோலத்தையும் நாம் கைவிட வேண்டும். பெத்தானியாவில் ஒரு பெண் நறுமணத் தைலச் சிமிழை உடைத்தபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்றிருக்கலாமே என்று கணக்குப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கணக்கு சரியான கணக்கே. ஆண்டவர் அதனை ஏற்கவில்லை. இந்த ஒப்புமையை நாம் மிகுதியாக இழுக்கக் கூடாது. அப்பெண் எவருக்காக ஊற்றுகிறாள் என்பதை அறிந்திருந்தாள். ஆயினும் வீணாக்குதல் போலத் தோன்றும் எல்லாமே வீணன்று என்பதற்கு நற்செய்தியே சான்று பகர்கிறது.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது: அது துணிவன்று, அகந்தை என்பது. இங்கே புனித தோமா அக்குவினாரின் உதவியை நாடுவது நல்லது. துணிவு என்னும் நற்பண்பை விளக்கிய பின்னர் அவர் அதன் அயலில் நிற்கும் சிலவற்றை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறார். பெரியவற்றை நோக்கி உள்ளம் விரிவது பெருந்தகைமை, அது நற்பண்பு. தன் ஆற்றலுக்கு மிஞ்சியதை மேற்கொள்வது வரம்பு கடந்த துணிச்சல், அது குற்றம். வெறும் பெயருக்காகச் செய்வது வீண்பெருமை, அதுவும் குற்றம். இவ்வளவோடு அவர் நிறுத்தவில்லை. தன்னால் இயல்வதையும் செய்யாமல் சுருங்கிக் கிடப்பது சிறுமதி என்னும் மற்றொரு குற்றம் என்கிறார். தலைவன் தந்த பணத்தை அஞ்சி மண்ணில் புதைத்த ஊழியனை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார். தாழ்ச்சியும் பெருந்தகைமையும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதும் அவருடைய கருத்து: மனிதன் தன் குறையை நோக்கும்போது தாழ்கிறான், இறைவன் தன்னில் வைத்த கொடையை நோக்கும்போது உயர்கிறான்.

இந்த அளவையால் நோக்கினால், ஒரே மூச்சில் 51 மணி நேரம் கடலில் நீந்தியிருந்த ஒருவர் ஆங்கிலக் கால்வாயில் இறங்கியதை வரம்பு கடந்த துணிச்சல் என்று நாம் சொல்ல மாட்டோம். நீந்தத் தெரியாத இளைஞன் நண்பர்களின் கேலிக்கு அஞ்சி ஏரி மதகருகே குதிப்பதுதான் அது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று திருவள்ளுவரும் சொல்லியிருக்கிறார். ஆனந்தன் அஞ்ச வேண்டியதை அறிந்தவர். பல ஆண்டு உழைப்பால் அதற்கு ஆயத்தம் செய்தவர். தன் அளவை அறிந்து, அந்த அளவின் விளிம்புவரை சென்றவர்.

அவருடைய எல்லாச் சாதனைகளையும் நாம் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். 1979-இல் கொழும்பில் 187 மணி 28 நிமிடம் இடைவிடாமல் மிதிவண்டி ஓட்டினார். 1980-இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். இவற்றைப் படிக்கும்போது நம் மனம் சற்றுத் தயங்குகிறது. உறக்கத்தை மறுத்து உடலை வருத்தி எண்ணிக்கையைக் கூட்டுவதில் எங்கோ ஒரு புள்ளியில் பெருந்தகைமை முடிந்து எண்ணின் அடிமைத்தனம் தொடங்கிவிடுகிறது. அப்புள்ளி எது என்பதை வெளியில் நிற்கும் நாம் குறிக்க இயலாது. ஒருவேளை அவரே சில இரவுகளில் அதனைத் தேடியிருக்கலாம். கடலில் நீந்துவது வேறு. அங்கே எண்ணுக்கு அப்பால் ஏதோ ஒன்று இருக்கிறது: மறுகரை.

மறுகரை என்னும் சொல் விவிலியத்தில் நமக்குப் பழக்கமானது. பேதுருவை நினைத்துக்கொள்வோம். அவர் தண்ணீரில் இறங்கிய நிகழ்ச்சிகள் இரண்டு. முதலாவதை அனைவரும் அறிவர்: மத்தேயு நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நீர்மேல் நடந்து, காற்றைக் கண்டு அஞ்சி, அமிழத் தொடங்கிக் கதறினார். இரண்டாவதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில், கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று அறிந்ததும், மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் கடலில் குதிக்கிறார். கரை ஏறத்தாழ இருநூறு முழத் தொலைவு. படகிலேயே இருந்திருந்தாலும் சிறிது நேரத்தில் சேர்ந்திருப்பார். இம்முறை புதுமை எதுவும் இல்லை, நீர்மேல் நடக்கவில்லை, மற்றெல்லா மீனவரையும் போலக் கை வீசிச் சென்றார். தேவையற்ற அந்த நீச்சலை யோவான் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டவர் அதற்காகப் பேதுருவைக் கடிந்துகொண்டதாக எழுதவில்லை. மீன் நிறைந்த வலையைக் கரைவரை கொண்டுவந்தவர்கள் படகில் இருந்த மற்றவர்கள் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

படகில் இருந்தவர்களைப் பற்றியே இனி நாம் பேச விரும்புகிறோம். வினாவின் கூர்மை அங்கேதான் இருக்கிறது.

நெடுங்கடல் நீச்சல் வீரர் தனியாக நீந்துவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது உண்மையன்று. அவரோடு ஒரு படகு செல்கிறது. அதில் வழிகாட்டும் மாலுமி, பயிற்சியாளர், பார்வையாளர் ஆகியோர் இருக்கிறார்கள். கால்வாய் நீச்சலின் விதி கண்டிப்பானது: நீந்துகிறவர் படகைத் தொடக் கூடாது, மற்றவரும் அவரைத் தொடக் கூடாது, தொட்டால் முயற்சி முடிந்தது. நீண்ட கழியின் முனையிலோ கயிற்றிலோ கட்டித்தான் உணவும் நீராகாரமும் கொடுப்பார்கள். ஒரு கை எட்டும் தொலைவில் மீட்பு இருக்கும். அதனைத் தொடாமல் இருப்பதே விளையாட்டு.

ஆங்கிலக் கால்வாயின் முதற் பகை தொலைவன்று, குளிர். அதன் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர்தான். ஆனால் கோடையிலும் அந்நீர் பெரும்பாலும் 15 முதல் 18 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். பாக் நீரிணையின் வெதுவெதுப்பில் பழகிய உடலுக்கு அது வேறோர் உலகம். நீர், காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துகொள்ளும். சூடு குறையக் குறையக் கைகால்கள் தளர்வது மட்டுமன்று, அறிவும் மங்குகிறது. தான் எங்கிருக்கிறோம், எவ்வளவு நேரமாயிற்று என்பது குழம்புகிறது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்றே நீந்துகிறவர் சொல்வார். அப்படியே நம்பவும் செய்வார். ஆகவே, நிறுத்த வேண்டிய வேளை எது என்பதை அறிய முடியாதவர் எவரோ அவரே அந்த வேளையில் நீரில் இருக்கிறார். அவருடைய விவேகம் அவருக்குள் இல்லை, படகில் இருக்கிறது.

அறநெறி நூல்கள் விவேகத்தைத் தனிமனிதனின் பண்பாகவே பேசிப் பழகியவை. கடல் அதனைத் திருத்துகிறது. ஆரதி சாகாவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் 14 மணி நேரத்திற்கும் மேலாக நீந்தி, மறுகரைக்குச் சில மைல்களே இருக்கையில், எதிர் நீரோட்டத்தில் சிக்கினார். படகிலிருந்தவரின் வற்புறுத்தலுக்கு இணங்கி முயற்சியைக் கைவிட்டார். கரை கண்ணுக்குத் தெரியும் வேளையில் கைவிடுவது எளிதா? ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29 அன்று மீண்டும் இறங்கினார். 16 மணி 20 நிமிடத்தில் கடந்து, அக்கால்வாயை நீந்திய முதல் ஆசியப் பெண்மணி ஆனார். நம் பாடநூல்கள் செப்டம்பரைக் கொண்டாடுகின்றன. நாமோ ஆகஸ்டையும் கொண்டாட வேண்டும் என்போம். பிறர் சொல்லுக்குச் செவிகொடுத்த அந்த நாள் இல்லையேல் இந்த நாளும் இல்லை.

1984-இல் கால்வாயில் நடந்ததற்கு எவரையும் குற்றஞ்சாட்ட நாம் இதனைச் சொல்லவில்லை. கடலில் எல்லா விழிப்பையும் மீறியும் சாவு வரும். மீனவக் குடும்பங்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. நாம் சொல்ல வருவது வேறு. படகில் இருப்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்றால், படகிற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டாத தொலைவில் கரையில் நிற்கும் கூட்டத்திற்கும், அதாவது நமக்கும், பொறுப்பு உண்டு. தன் உயிரைப் பணயம் வைக்கலாமா என்று வீரரிடம் கேட்கிறோம். கைதட்டி அவரை மேலும் மேலும் ஆழத்திற்கு அனுப்பலாமா என்று நம்மை நாம் கேட்பதில்லை.

மேத்யூ வெப்பின் வரலாறு இதனை உள்ளபடி காட்டும். ஆங்கிலக் கால்வாயைத் துணைக்கருவி ஏதுமின்றி முதன்முதல் நீந்தியவர் அவர். 1875 ஆகஸ்டு 24, 25 நாள்களில், 22 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக. இங்கிலாந்து முழுவதும் அவரைக் கொண்டாடியது. பின்னர்க் கூட்டம் வேறு புதுமைகளைத் தேடிச் சென்றது. அவர் காட்சித் தொட்டிகளில் மணிக்கணக்கில் மிதந்து காட்டிப் பணம் ஈட்டினார். 1883 ஜூலை 24 அன்று, நயாகரா அருவிக்குக் கீழேயுள்ள பெருஞ்சுழலை நீந்துவதாக அறிவித்து இறங்கி மாண்டார். மனைவியும் இரு சிறு குழந்தைகளும் அநாதரவாயினர். கால்வாயை நீந்தியபோது அவரிடம் இருந்தது பெருந்தகைமை. நயாகராவில் இருந்ததற்கு அக்குவினார் வேறு பெயர் வைத்திருக்கிறார். ஆனால் இரண்டுக்கும் இடையில் நின்று அவரைத் தள்ளிய கூட்டத்திற்கு அக்குவினாரும் பெயர் வைக்கவில்லை.

மிகிர் சென்னுக்கு நேர்ந்தது வேறு வகை. ஓராண்டில் ஐந்து கடல்வழிகளை நீந்திய அவருடைய பிற்கால வாழ்வில் தொழில் நலிந்தது. நினைவிழப்பு நோய் பற்றியது. 1997 ஜூனில் அவர் கொல்கத்தாவில் இறந்தபோது நாடு அவரை ஏறக்குறைய மறந்தேவிட்டிருந்தது. 12 வயதுச் சிறுவரை 1994-இல் தோளில் தூக்கிய நாமும், சில ஆண்டுகளில் அவர் போட்டி நீச்சலை விட்டுப் படிப்பின் பக்கம் திரும்பியபோது திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நலமாக வாழ்கிறார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்த ஆண்டில் ஒரு குழந்தையைக் கடலில் கண்டு நாம் கைதட்டியபோது, நம்மில் எத்தனை பேர் அக்குழந்தைக்காக ஒரு கணமேனும் அஞ்சினோம்?

வீரத்தின் நேர்மையான பயன் என்ன என்று கேட்பவர்க்கு ஆர்மீனியாவின் ஷாவர்ஷ் கராபெத்தியானை நாம் காட்டலாம். துடுப்புக்காலணி நீச்சலில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர் அவர். 1976 செப்டம்பர் 16 அன்று எரவான் நகரில் ஏரிக்கரையோரமாகத் தம் தம்பியோடு ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, ஏறக்குறைய 90 பேரோடு மின்பேருந்து ஒன்று ஏரியில் விழுந்து பத்து மீட்டர் ஆழத்தில் அமிழ்ந்தது. கலங்கிய குளிர்நீரில் மூழ்கிப் பின்புறக் கண்ணாடியைக் காலால் உடைத்து, திரும்பத் திரும்ப இறங்கி மனிதர்களை வெளியே எடுத்தார். அவரால் 20 பேர் உயிர் பிழைத்தனர். கண்ணாடி கிழித்த காயங்களாலும் மாசுற்ற நீராலும் நுரையீரல் அழற்சியும் இரத்த நஞ்சும் வந்து வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். விளையாட்டு வாழ்வு அத்தோடு ஏறத்தாழ முடிந்தது. ஒருமுறை மேலே வந்தபோது கையில் இருந்தது மனிதர் அன்று, இருக்கையின் தோல்மெத்தை. அந்த மெத்தைக்குப் பதில் ஓர் உயிரை எடுத்திருக்கலாமே என்னும் எண்ணம் அவரை நெடுங்காலம் வாட்டியது. பதக்கத்திற்காகப் பழகிய மூச்சு, பதக்கமே இல்லாத இடத்தில் உதவிற்று. அவர் அதற்கென்று பழகவில்லை. பழகியிராவிட்டால் ஒருவரையும் எடுத்திருக்க முடியாது. பயனற்றது என்று நாம் ஒதுக்கும் ஆற்றல் எந்த நாளில் எவருக்குத் தேவைப்படும் என்பதை இறைவனே அறிவார். பவுலடியார் சென்ற கப்பல் மால்டா கரையில் உடைந்தபோது, நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதித்துக் கரைசேரட்டும் என்று ஆணையிட்டவன் உரோமை நூற்றுவர் தலைவன். மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு பின்தொடர்ந்தனர். கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்தனர் என்று திருத்தூதர் பணிகள் கூறுகிறது.

இதனாலேயே வல்வெட்டித்துறையில் ஆனந்தன் பெயரால் நீச்சல் தடாகம் அமைந்ததை நாம் பொருத்தமான நினைவாகக் கருதுகிறோம். கல்லில் வடித்த உருவம் நம்மை அண்ணாந்து பார்க்கச் சொல்லும். தடாகம் இறங்கச் சொல்லும். உருவச்சிலையின் முன் ஆண்டுக்கு ஒருமுறை மாலை சூட்டிவிட்டு நாம் பழையபடி கரையில் நிற்பவர்களாகவே இருந்துவிடலாம். தடாகத்தில் ஒரு குழந்தை நீந்தக் கற்கும்போது, அவருக்கு இறைவன் அளித்த கொடையின் ஒரு துளி அக்குழந்தையின் கைகளுக்கு வந்து சேர்கிறது. அவருடைய சாவை அது நியாயப்படுத்துவதில்லை. நியாயப்படுத்த முயல்வதும் இல்லை.

இப்போது நம் ஏரிக்கரைக்கு வருவோம். தந்தை தன் மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் நீந்தக் கற்பிப்பதையும் ஒன்றாக யூத மறைநூலறிஞர் தல்மூதில் குறித்திருக்கிறார்கள். பிழைப்புக்கு ஒரு தொழில் கற்பிக்கும் கடமையோடு சேர்த்துக் கூறப்படுவது அது. உலக நலவாழ்வு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர நாடுகளின் மக்கள். ஏறக்குறைய பாதிப்பேர் 30 வயதைக் காணாதவர்கள். ஐக்கிய நாடுகள் அவை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக 2021-இல் அறிவித்தது. நம் பங்குகளில் எத்தனையோ நாள்களைக் கொண்டாடுகிறோம். இதனைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்றொரு குழு காணப்படுகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏரியைப் பாதுகாத்தார்கள் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த ஏரியின் கரையில் வளரும் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? முற்காலத்தில் கிணறுகள் நிறைந்திருந்தன. நீச்சல் தானாக வந்தது. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டியோ, வாழைத்தண்டைக் கையில் கொடுத்தோ, மாமனோ சித்தப்பனோ பிள்ளையைக் கிணற்றில் இறக்கிவிடுவார். தாமும் கூடவே இறங்குவார். பெண் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் பெரும்பாலும் இருந்ததில்லை. இன்று பல கிணறுகள் வற்றிவிட்டன; எஞ்சியவை ஆழ்ந்துவிட்டன. ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்களோ மழைக்காலத்தில் மேலே பார்க்க அமைதியாகவும் உள்ளே ஆளை விழுங்குவனவாகவும் இருக்கின்றன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், ஒவ்வொரு வடகிழக்குப் பருவ மழையிலும், ஏதோ ஓர் ஊரில் பள்ளிச் சீருடை அணியும் வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி மூழ்கிப் போகிறார்கள். ஒருவர் தவறி விழ, நீந்தத் தெரியாத மற்றவர் காப்பாற்ற இறங்குகிறார். அந்தப் பிள்ளைகளிடம் துணிவு இல்லை என்று எவரால் சொல்ல முடியும்? நற்செய்தி கேட்கும் அன்பும் அவர்களிடம் இருந்தது. இல்லாதிருந்தது, எவரேனும் ஒருவர் சில கோடை மாதங்கள் கூட இருந்து கற்றுத் தந்திருக்க வேண்டிய ஓர் எளிய திறமை.

கோடை விடுமுறையில் விவிலிய வகுப்புக்கும் பாட்டுப் பயிற்சிக்கும் நம் பங்குகள் பத்து நாள் ஒதுக்குகின்றன. அவற்றுள் காலை ஒரு மணி நேரத்தை, நம்பிக்கையான ஒரு பாசனக் கிணற்றுக்கும், நீச்சல் அறிந்த இரண்டு பெரியவர்களுக்கும், நல்ல கயிறு ஒன்றுக்கும், காற்றடைத்த பழைய லாரி ட்யூப்கள் சிலவற்றுக்கும் ஒதுக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வேளை, பெண் பிள்ளைகளுக்கு ஒரு வேளை. கரையில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். அவர் நீரில் இறங்கக் கூடாது, கண்ணை எடுக்கவும் கூடாது.